ஊதா முப்பது, நீலம் எண்பது

விளக்கில் சிவப்பைக் குறைத்து நீலத்தைக் கூட்டிய அந்த மத்தியானம்தான், அவளுடைய வலது சுண்டுவிரலில் கடுகளவு பச்சை மினுங்கியது.

கணவனுக்கு இரண்டு வாரமாக இதே பித்து. கூடத்தில் கடல்தண்ணீர்த் தொட்டி, அதற்குள் உயிருள்ள பவளங்கள், மேலே எல்இடி விளக்கு. எந்த நிறத்தை எவ்வளவு வைத்தால் பவளம் ஜொலிக்கும் என்று, விளக்கை இயக்கும் செல்போனும் கையுமாகவே கிடந்தான். வெள்ளை வைத்தால் எல்லாம் பழுப்பு. வெளியிலிருந்து வரும் வெளிச்சம் நிறத்தைக் கெடுத்துவிடுமாம், பட்டப்பகலிலும் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டான். உப்புவாடையும் ஈரமும், ஓயாமல் முணுமுணுக்கும் மோட்டாருமாக இருந்த அந்தக் கூடத்தில்தான், போன வாரம் உடைந்த பவளத்துண்டு ஒன்றைக் கல்லில் ஒட்டப்போய் அவள் விரலைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருங்களேன், கீறின இடம் மினுங்குது."

அவன் பார்த்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. பாவி மனுஷி, அதில் அவள் மனசு கொஞ்சம் குளிர்ந்துதான் போயிற்று.

"அசையாத. ஊதாவை இன்னும் அஞ்சு ஏத்துறேன்."

நாலே நாளில் பச்சை மணிக்கட்டைத் தாண்டியது. குளியலறையின் வெள்ளை பல்பில் தேடினால் ஒன்றுமே இல்லை, வெறும் கை. நீலத்தில் மட்டும் தோலுக்கடியில் சின்னச் சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க. பயமா இருக்கு."

"வெயில் பட்டா வெளுத்துடும். பேசாம இரு." வாசல் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அப்புறம்தான் அவள் கவனித்தாள். அவன் போனில் நீலத்தை இறக்கினால் தொட்டியில் பவளங்கள் சுருங்கின. அவள் விரல்களும் மடங்கின. ஏற்றினால் விரிந்தன. அவள் விரிக்கவில்லை. பிடித்து நிறுத்தவும் முடியவில்லை. மறுநாள் முழங்கை. அதற்கடுத்த நாள் கழுத்து.

அவள் கத்தினாள். அக்கம்பக்கமெல்லாம் கேட்கட்டும் என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"ச்சே, ஒரே நச்சரிப்பு." அவன் போன் திரையில் கட்டைவிரலைக் கீழே இழுத்தான். அவள் உதடுகள் தாமாக மூடிக்கொண்டன.

ஞாயிற்றுக்கிழமை, அவனைப் போலவே பவளம் வளர்க்கும் பல் டாக்டர் ஒருவர் வந்தார். இருட்டில், தொட்டியோரம் நாற்காலியில் கிடந்தவளுக்கு அந்தக் குரலைக் கேட்டதும் உயிர் வந்தது. பல் டாக்டரானால் என்ன, டாக்டர்தானே! தன் வாய் மட்டும் திறக்கட்டும். ஒரு வார்த்தை போதும். ஒரே ஒரு வார்த்தை.

"வெள்ளையே வேணாம் டாக்டர். ஊதா முப்பது, நீலம் எண்பது. இப்பப் பாருங்க."

நீலம் ஏறியது. இமைகள் விரிந்தன. வாய் திறந்தது. மெதுவாக. தாடை வலிக்க வலிக்க, இன்னும் அகலமாக. சத்தம் வரவில்லை. நாக்கு முழுக்கப் பச்சை வட்டங்கள் நெளிந்தன.

டாக்டர் குனிந்தார். தொழில் பழக்கத்தில் அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"அடேயப்பா, என்ன பச்சை! எனக்கும் ஒரு துண்டு வெட்டித் தாங்களேன்."

"அதுக்கென்ன, தாராளமா. எந்தப் பக்கம் வேணும்?"

டாக்டர் இரண்டு விரலால் நாக்கின் நுனியைப் பிடித்துக் காட்டினார். அவன் நீலத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினான். வாய் அவர்களுக்கு வசதியாக விரிந்து கொடுத்தது.