சதுர அகழியில் கெண்டை பிடித்தவர்கள்

இங்கிலாந்தின் சஃபோக்கில் அந்த மாளிகை இடிந்து மண்ணாகி நெடுங்காலம் ஆகிவிட்டது. சதுரமான அகழி மட்டும் மிச்சம். நடுத்திட்டில் காஞ்சொறிப் புதர்களைத் தவிரக் காக்க எதுவுமில்லை. அகழி அதையே கடமை தவறாமல் காத்துக்கொண்டிருந்தது.

வழக்கமான சனிக்கிழமை மதியம், வழக்கமான தூறல். நெவில் மடக்கு நாற்காலியை விரித்து, ரொட்டி மாவு உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் வீசினார். உள்ளே தூண்டில் முள் கிடையாது. சில வாரம் இப்படிச் சும்மா தீனி போட்டால் கெண்டைக்குச் சந்தேகம் போய்விடும். முள் அதற்கப்புறம்.

நெவிலுக்குத்தான் சந்தேகம் போகவில்லை. அவருடைய நாய் பட்டன் போன மாதம் இதே கரையில் காணாமல் போனது. பிறகு ஒரு வாரம் அதன் பந்து, அவர் நாற்காலி போடும் இடத்தில் கிடந்தது. அடுத்த வாரம் சங்கிலி, தண்ணீர் ஓரத்தில். இன்று கழுத்துப்பட்டை, திட்டுக்குப் போகும் மரப்பாலத்தின் முதல் பலகையில்.

பக்கத்தில் கெய்த் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வசந்தத்தில் மனைவி மோரீனை அடக்கம் செய்த பிறகு அவர் சிரித்ததே இல்லை. அவரைச் சந்தேகிக்க நெவிலுக்கு அதுவே போதுமான சாட்சியம்.

“யோவ், உண்மையச் சொல்லு. என் நாய என்ன பண்ணின?”

“அது பக்கத்துல வந்தாலே எனக்குத் தும்மல் வரும். தூக்கிட்டுப் போயி கொஞ்சவா போறேன்?”

“அப்ப பட்டைய யாரு வெச்சது?”

“மீனக் கேளு. உன் பேச்சைக் கேக்கறது அது ஒண்ணுதான்.”

தூறல் நின்றது. அழுகிய இலை வாடை மெல்ல எழுந்தது.

திட்டிலிருந்து ஒரு குரைப்பு.

பட்டனேதான். குரைத்து முடித்ததும் அதே செல்லச் சிணுங்கல்.

நெவில் ஓடிப்போய்ப் பலகையில் காலை வைத்தார். விரல்களில் இன்னும் மாவு பிசுபிசுத்தது. அதைப் பார்த்தார்.

பந்து. சங்கிலி. பட்டை.

ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் தள்ளி.

வைத்த காலை எடுத்தார்.

“கெளம்பு கெய்த்,” என்று கிசுகிசுத்தார். “நமக்கு யாரோ தீனி போடுறாங்க.”

திரும்பினார்.

பின்னாலேயே வந்திருந்த கெய்த் இரண்டு கைகளிலும் சிவப்புக் கம்பளிக் கையுறைகளை மாட்டிக்கொண்டிருந்தார். மோரீன் பின்னியவை. அவளோடு பெட்டியில் வைத்துப் புதைத்தவை.

“போன வாரம் ஒண்ணு கெடச்சது. நீ கிண்டல் பண்ணுவேன்னு சொல்லல. இப்ப பாலத்தாண்ட ஜோடி சேந்திருச்சு,” என்றார் கெய்த். “இப்பத்தான் கழட்டி வெச்ச மாதிரி சூடா இருக்குய்யா.”

குரைப்பு நின்றிருந்தது. காஞ்சொறிக்குள் பின்னல் ஊசிகள் உரசும் மெல்லிய சத்தம்.

கெய்த் பாலத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்த முகத்தில் சந்தேகத்தின் சாயலே இல்லை.