பூட்டு இல்லாத கத்தி

"ஐயோ... கொலை!"

அலறியவர் பல் டாக்டர். வழக்கமாக அடுத்தவர்களை அலற வைப்பவர். இன்று அவரே அலறினார்!

பேனாக்கத்தி ரசிகர் சங்கத்தின் தலைவர், மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் குப்புறக் கிடந்தார். போட்டிக்காகப் போட்டு வந்த புதுக் கோட்டு. பிடறிக்குக் கீழே, காலர் மடிப்பிலிருந்து ஒரு பேனாக்கத்தியின் மரப்பிடி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

காலரில் ரத்தம்!

பத்து நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னாலேயே நோட்டும் பேனாவுமாகக் கான்ஸ்டபிள்.

"யாரும் தொடலையே?"

"கைரேகை அழிஞ்சிடும்னு கிட்டயே போகலை சார்!" என்றார் பல் டாக்டர்.

"யாரு கத்தி இது?"

கூடியிருந்த சங்க உறுப்பினர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பத்தாமவரையே பார்த்தார்கள். எலக்ட்ரீஷியன்!

"என்னுதுதான் சார்... ஆனா நான் குத்தலை! போட்டி மேஜை மேல வெச்சிட்டு மைக் வயரைப் பாக்கப் போனேன். திரும்பி வந்தா கத்தியக் காணோம்!"

"காலைல தலைவரோட சண்டையாமே?"

"என் கத்தியப் பாத்து 'இதெல்லாம் பென்சில் சீவறதுக்கு'ன்னாரு சார். தினமும் பாக்கெட்ல வெச்சுக்கத் தோதான கத்தி எதுன்னுதான் போட்டியே. நான் இதாலதான் வயர் சீவறேன், ஆப்பிள் நறுக்கறேன், பார்சல் பிரிக்கறேன். இவரு கத்தி, முத்துச்சிப்பிப் பிடி போட்டு வெல்வெட் பைல தூங்குது. அதுக்குப் பரிசான்னு கேட்டேன். தப்பா?"

"கேட்டது தப்பில்ல. குத்தினது தப்பு. கைய நீட்டு!"

விலங்கு 'க்ளிக்' என்றது.

"சார்! வர்ற வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம் சார்!"

"கவலைப்படாதே தம்பி," என்றார் கான்ஸ்டபிள். "எங்க வளையல் முதல்ல. பொண்ணு வீட்டு மோதிரம் அப்புறம்."

"ஒரு நிமிஷம்!"

பல் டாக்டர் கையைத் தூக்கினார். கண்ணில் ஒரு பளபளப்பு. யாராவது விளக்கம் கேட்க மாட்டார்களா என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவரின் பளபளப்பு!

"இந்தக் கத்தியால குத்தவே முடியாது சார். இதுல பூட்டு கிடையாது!"

"கத்திக்கு எதுக்குய்யா பூட்டு?"

அவர் தன் பாக்கெட்டிலிருந்து இரண்டு கத்திகளை எடுத்தார்.

"இதைத் திறக்கறேன். டக்! பிடிக்குள்ள ஒரு தகடு நகந்து, அலகோட அடிப்பக்கம் முட்டுக் குடுத்து நிக்குது. கதவுக்கு ஆப்பு வெச்ச மாதிரி. தகட்டை விலக்கினாதான் மடங்கும். அதான் பூட்டு. இது இன்னொண்ணு. இதுல தகடு இல்ல. பிடியோட முதுகுல ஒரு பட்டை ஸ்பிரிங், அவ்ளோதான். அலகை அழுத்திப் பிடிச்சிருக்கும். அறுக்கும்போது மடங்காது. ஏன்னா அறுக்கற விசை அலகைத் திறக்கற பக்கமாவே தள்ளும். ஆனா நுனியால குத்துங்க... இல்ல, அலகோட முதுகால நெம்புங்க..."

"என்னாகும்?" இன்ஸ்பெக்டர் ஒரு அடி நெருங்கினார்.

"ஸ்பிரிங் தோத்துடும். சடக்குனு மடங்கி, பிடிச்சவன் விரலையே கடிக்கும்!"

"அப்ப, இதை உபயோகிச்சவன் விரல்ல..."

"புதுக் காயம் இருக்கணும்!"

இன்ஸ்பெக்டர் துள்ளினார்.

"எல்லாரும் கைய நீட்டுங்க!"

பத்து ஜோடிக் கைகள் நீண்டன.

அத்தனை கைகளிலும் பிளாஸ்டர்!

"என்னய்யா இது, சங்கமா ஆஸ்பத்திரியா?"

"கத்தின்னா ஆசை சார்..." என்றார் பல் டாக்டர் வெட்கத்தோடு.

ஒவ்வொரு பிளாஸ்டராகப் பிரித்தார்கள். எல்லாம் ஆறிப்போன காயம். எலக்ட்ரீஷியனுடையதும்தான்!

"சார்..." கான்ஸ்டபிள் விரல் விட்டு எண்ணினார். "இன்னும் ஒரு ஜோடி பாக்கி."

"யாருது?"

"கீழ கிடக்கறவருது."

குனிந்தார்கள்.

தலைவரின் வலது ஆள்காட்டி விரலில் ஒரு வெட்டு. ஈரமாக... புத்தம் புதுசாக!

"தன் முதுகுல தானே குத்திக்கிட்டாரா?!"

அப்போது கதவு படாரென்று திறந்தது. தலைவரின் மனைவி!

"அம்மா, மனசைத் திடப்படுத்திக்கோங்க..." என்றார் இன்ஸ்பெக்டர், தொப்பியைக் கழற்றியபடி.

"அதெல்லாம் இருக்கட்டும். நாடி பாத்தீங்களா?"

இன்ஸ்பெக்டர் பல் டாக்டரைப் பார்த்தார். "டாக்டர்... நீங்க?"

"நான் கத்தியத்தான் சார் பாத்தேன்."

பத்துப் பேரும் கத்தியைத்தான் பார்த்திருந்தார்கள். இன்ஸ்பெக்டரும்!

அந்த அம்மாள் கணவரின் காலரிலிருந்து கத்தியை உருவினார். சுலபமாக வந்தது. பாதி மடங்கிய அலகுக்கும் பிடிக்கும் நடுவில் கோட்டுத் துணி கசங்கியிருந்தது. கூடவே கடை அட்டையின் நூல்!

"விலை அட்டைய எடுங்கன்னு காலைலயே சொன்னேன். கோட்டைக் கழட்டாமயே பின்னால கைய விட்டு நெம்பியிருக்காரு. ரத்தத்தைப் பாத்து மயங்கியிருப்பாரு. மனுஷன் தக்காளி நறுக்கினாலே திரும்பிக்குவாரு!"

ஒரு சொம்புத் தண்ணீர் பறந்தது.

"அம்மா!" என்று எழுந்து உட்கார்ந்தார் தலைவர்.

விலங்கு கழன்றது. மணிக்கட்டைத் தடவிக்கொண்டே எலக்ட்ரீஷியன் அவர் முன்னால் குந்தினான்.

"ஒரே ஒரு கேள்வி தலைவரே. உங்க கத்தி உங்க பைலயேதானே இருக்கு? எதுக்கு என்னுத எடுத்தீங்க?"

தலைவர் மனைவியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை!

"என்னுது... நூலெல்லாம் அறுக்காதுய்யா."

கைதட்டலில் அறை அதிர்ந்தது. அங்கேயே, அப்போதே பரிசு எலக்ட்ரீஷியனுக்கு!

கான்ஸ்டபிள் மட்டும் நோட்டும் கையுமாக முழித்துக்கொண்டிருந்தார்.

"சார், 'கொலை'ன்னு பேனாவாலயே எழுதிட்டேனே! இப்ப என்ன பண்றது?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"எழுதினதை அடிக்காதய்யா. கீழ ஒரு வரி சேத்துக்க. 'விசாரணைக்குப் பிணம் முழு ஒத்துழைப்பு வழங்கியது!'"