ஊசல் குண்டு மாயமான திங்கட்கிழமை

செவ்வாய், காலை 9.10. ஹால்பர்ட் சிறுவர் அறிவியல் கூடத்தின் விளக்குகளைப் போட்ட இயக்குநர் கெண்டல் ஸ்வீனி, கூரையிலிருந்து வெறும் கம்பி மட்டும் தொங்குவதைக் கண்டார். ஊசலின் பித்தளைக் குண்டு, நாற்பது கிலோ, அங்கே இல்லை.

9.40. துப்பறியும் அதிகாரி டெல்ஃபின் கோவாச் வந்தாள். அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது இந்த வாசலில் நின்ற வரிசை ஏரிக்கரைச் சாலைவரை நீண்டிருக்கும். இப்போது கூரை ஒழுகும் இடங்களில் வாளிகள். உள்ளே நுழைந்து நடக்கக்கூடிய ராட்சத இதய மாதிரியின் முன் ‘பழுது’ என்றொரு அட்டை. ஞாயிற்றுக்கிழமையோடு கூடத்தையே மூடுகிறார்கள்.

குண்டை சிகாகோ ஹோட்டல் ஒன்று வாங்கியிருந்தது, புதன்கிழமை லாரி வருவதாக இருந்தது என்றார் ஸ்வீனி. திங்கள் முழுக்க அவர் நகர மன்றத்தில் இருந்தார். பூட்டு உடைபடவில்லை. கூடத்தில் இருந்தவர் டிக்கெட் கொடுக்கும் ரோவீனா பிட்ஸ் மட்டுமே. வயது அறுபத்தேழு. மற்ற ஊழியர்கள் வேலையை விட்டுப் போனபின், தினமும் பத்து மணிக்கு ஊசலை ஆட்டிவிடுவதும் அவர்தான்.

“கடைசியா எப்ப பாத்தீங்க?” கோவாச் ரோவீனாவிடம் கேட்டாள்.

“அஞ்சு மணிக்கு விளக்க அணைச்சப்ப. ஆடிக்கிட்டுதான் இருந்துச்சு.”

“நேத்து யார் யார் வந்தாங்க?”

“காலையில ரெண்டு குடும்பம். பன்னெண்டுக்கு மேல ஈ காக்கா இல்ல. சாவி ஊர்ல எத்தன பேருகிட்ட இருக்கோ, யாரு கண்டா?”

கோவாச் ஊசல் குழியருகே மண்டியிட்டாள். தினமும் காலையில் அரைவட்டமாக நிமிர்த்தி வைக்கும் மரக்குச்சிகளில் ஆறு சாய்ந்து கிடந்தன. சுவரில் பழைய பலகை: ‘பூமி சுழல்வதால் ஊசலின் பாதை திரும்புகிறது. அரை மணிக்கு ஒரு குச்சி விழும்.’ சின்ன வயதில் ஒவ்வொரு குச்சிக்காகவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்ததுண்டு. பிறகு எழுந்து கூடத்தைச் சுற்றினாள். சிறுபிள்ளை தன் அப்பாவையே தூக்கிப் பார்க்கும் கப்பிச் சட்டத்தைச் சுற்றி ஒரே தூசி. ஆனால் சட்டத்தின் கால்களை ஒட்டி நான்கு சுத்தமான சதுரங்கள் தெரிந்தன. யாரோ அதை நகர்த்தித் திரும்ப வைத்திருக்கிறார்கள், சற்றுத் தள்ளி.

11.05. இருவரையும் குழியருகே அழைத்தாள்.

“அஞ்சு மணி வரைக்கும் ஆடியிருந்தா பதினாலு குச்சி விழுந்திருக்கணும். விழுந்தது ஆறுதான். மத்தியானம் ஒரு மணிக்கே ஊசல் நின்னுடுச்சு. அப்ப இங்க ஒரே ஒருத்தர்தான் இருந்தாங்க.”

ஸ்வீனி தலையசைத்து மறுத்தார். இந்த வயதில் அவ்வளவு பாரத்தை எப்படித் தூக்க முடியும் என்றார். கோவாச் கப்பியைக் காட்டினாள். அப்பாவைத் தூக்குகிற கயிறு ஒரு குண்டைத் தூக்காதா?

ரோவீனா மறுக்கவில்லை. “இதயத்துக்குள்ள இருக்கு. போர்வை போத்தி வெச்சிருக்கேன்.”

ஸ்வீனி ஏன் என்று கேட்டார். ரோவீனா குழியைப் பார்த்தபடியே சொன்னார். குண்டு வார்க்க இந்த ஊர்ப் பிள்ளைகள் வீடு வீடாகப் பித்தளை சேர்த்தார்கள். அவர் மகள் டெஸ்ஸுக்கு அப்போது ஒன்பது வயது. யாரிடமும் கேட்காமல் வாசல் கதவின் குமிழையே கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

“ரெண்டு வாரம் ஜன்னல் வழியா ஏறிக் குதிச்சுதான் வீட்டுக்குள்ள போனோம். நல்லா திட்டினேன் அவள.” குனிந்து, சாய்ந்திருந்த ஒரு குச்சியை நிமிர்த்தி வைத்தார். “அவ போய்ச் சேந்து பத்தொம்பது வருஷமாச்சு. ஹோட்டல்காரங்களுக்கு அது வெறும் பித்தளைம்மா.”

ஸ்வீனி இந்த ஊருக்கு வந்து மூன்று வருடங்கள்தான் ஆகின்றன. இதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். கோவாச், புகார் எழுதட்டுமா என்று கேட்டாள்.

“வேணாம். நான்தான் விக்கக் கூடாதத வித்துட்டேன்.” அங்கேயே சிகாகோவுக்குப் போன் போட்டார்.

கூடம் என்னவோ ஞாயிற்றுக்கிழமை மூடத்தான் செய்தது. அதைத் தடுக்க யாராலும் முடியவில்லை. திங்கள் காலை குண்டைத் தள்ளுவண்டியில் ஏற்றி, நான்கு தெரு தள்ளியிருந்த ஆரம்பப் பள்ளியில் மாட்டுவதற்காக உருட்டிப் போனார்கள். ரோவீனா முன்னே நடந்தார். கோவாச்சும் ஸ்வீனியும் பின்னாலிருந்து தள்ளினார்கள். இரண்டாவது தெருவில் ஒரு நரைத்த ஆள் தன் காரை ஓரங்கட்டி இறங்கி, “எங்க தாத்தா கட்டிலோட பித்தளக் குமிழு இதுலதான் இருக்கு” என்று சொல்லித் தோள் கொடுத்தார். அடுத்த வீட்டிலிருந்து ஒரு பெண் மாவுக் கையோடு வந்தாள். பள்ளி வாசலை எட்டியபோது அந்த வண்டியில் கை வைக்க இடமில்லை.