யாரும் தண்ணீரில் இறங்காத நாள்

கரையில் ஒரு துணி மூட்டைகூட இல்லை. அதுதான் ஃப்ளோராவுக்கு முதலில் உறுத்தியது.

ஆற்றில் ஆட்கள் இருந்தார்கள். அறுப்பு முடிந்த வயல்களுக்கு அப்பால், கொசத்தலையாறு வளைந்து அகலமாகிற இடத்தில், தலைகள் மட்டும் ஒரு வரிசையாகத் தெரிந்தன. இறால் தடவுகிறவர்கள். தண்ணீரில் குந்தியபடி, பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவித் தடவி, அகப்படுகிற இறாலைப் பறிக்குள் போட்டுக்கொண்டே நகர்வார்கள். அத்திப்பட்டில் இருக்கும் அக்கா ஹில்டா வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஃப்ளோரா இதைப் பார்த்திருக்கிறாள். கரையில் மாற்றுச் சேலையும் கூழ்ச்சட்டியும் இருக்கும், காவலுக்கு ஒரு நாயாவது படுத்திருக்கும். இன்று ஒன்றும் இல்லை. வெறும் மண்.

இருந்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன என்று விட்டுவிட்டாள். இப்போதெல்லாம் எதையும் அப்படித்தான் விட்டுவிடுகிறாள்.

புருஷன் பாஸ்கல் பின்னால் வந்துகொண்டிருந்தான். நட என்றால் நடப்பான், நில் என்றால் நிற்பான். சொல்லாவிட்டால் ஒன்றும் செய்யமாட்டான். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன். மழைக்காலத்தில் ஒரு நாள் அவன் தூக்கிய மூட்டைக்கட்டு கயிறு அறுந்து, கப்பலின் அடித்தளத்தில் நின்றிருந்த சௌக்கத் அலியின் மேல் விழுந்தது. அவனுடைய தோஸ்து. சின்ன வயதிலிருந்தே ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்தவர்கள். அன்றைக்கு மூடிய வாயைப் பாஸ்கல் இன்னும் திறக்கவில்லை. டாக்டர் பார்த்தார், மாதா கோயில் சாமியார் தலையில் கைவைத்து ஜெபித்தார், மந்திரித்த கயிறும் கட்டிப் பார்த்தாயிற்று. அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று துறைமுகமே சொல்லியும் பயனில்லை.

ஆரம்பத்தில் ஃப்ளோரா அழுதாள். அப்புறம் சண்டை பிடித்தாள். அப்புறம் அவளுக்கும் ஒன்றும் தோன்றாமல் போயிற்று. சோறு போடுவாள், தின்னு என்பாள், அவன் தின்பான், தட்டைக் கழுவுவாள். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி அவ்வப்போது தன்னையே கிள்ளிப் பார்த்துக்கொண்டாள். வலிக்கவில்லை. "வயக்காடு, ஆத்துக்காத்துன்னு நடக்க வெச்சிப் பாரேன், ஒரு வார்த்தையாச்சும் வரும்" என்று ஹில்டாதான் சொல்லி வரவழைத்தாள். ஒரு வார்த்தை போதும் ஃப்ளோராவுக்கு. திட்டினால்கூடப் போதும்.

வெயில் தாழ்ந்திருந்தது. நெல் தாளுக்கு நடுவே உளுந்து இரண்டு விரல் உயரத்துக்கு எழும்பியிருந்தது. வரப்பில் மிதிபட்ட புல்லின் பச்சை வாசனையும், ஈர வைக்கோலின் புளிப்பும், எண்ணூர்ப் பக்கமிருந்து வருகிற உப்புக்காற்றும், சற்றுமுன் கடந்துபோன கூடூர் பாசஞ்சர் ரயில் விட்டுச்சென்ற கரிப்புகையும் எல்லாம் கலந்து ஒரு சோம்பலான நெடியாக மூக்கில் தங்கின. கொக்குகள் வயலில்தான் மேய்ந்தன. ஆற்றுப்பக்கம் ஒன்றுகூட இல்லை. இதையும் அவள் பார்த்தாள், விட்டுவிட்டாள்.

எதிரே வரப்பில் அங்கம்மா வேகமாக வந்தாள். காத்திவாக்கத்துக்காரி, ஹில்டா வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவள். இன்று தலையில் கூடை இல்லை.

"இன்னாம்மே, ஹில்டாம்மா தங்கச்சி தானே நீ? வூட்டுக்காரரா இவுரு?"

"ஆமா. சும்மா காத்தாட நடந்துகினு கீறோம். கூடை எங்க?"

"கூடையாவது ஒண்ணாவது. எங்க குப்பத்துப் பெரியவரு கோதண்டம் விடிகாலைல பூட்டாரு. மீஞ்சூர்ல அவுரு பொண்ணுக்கு சேதி சொல்லப் போறேன். பொணத்த எடுக்கற வரைக்கும் இந்த ஆத்தோரத்துல எந்தக் குப்பமும் தண்ணில கால் வைக்காது."

"தண்ணில கீறாங்களே. அதோ, இறா தடவறாங்க பாரு."

அங்கம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தைக்கூட அசைக்காமல் நின்றாள்.

"வாயில பறி கீதா?"

"கீது."

"அப்ப சரி. வாயில பறி இருக்கசொல்ல பேசாது." முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆத்தாண்ட போவாத. வயலோடவே வூட்டுக்குப் போய்டு, இன்னா?"

கிட்டத்தட்ட ஓடினாள். ஃப்ளோரா பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள். குப்பத்துக் கட்டுப்பாடு குப்பத்துக்கு, நமக்கேது என்று நினைத்தாள். திரும்பினால் ஹில்டா வாசலிலேயே நின்று "பேசினாரா?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போகலாம்.

கரை ஏறுகிற இடத்தில் மதகு கசிந்து ஒரே சேறு. அவள் சுற்றிப் போனாள். பாஸ்கல் நேராக நடந்து முழங்கால் வரை இறங்கிவிட்டான்.

"கண்ண எங்கய்யா வெச்சிகினு வர்றே? கலீஜு! போ, ஆத்துல கால கழுவிகினு வா."

அவள்தான் சொன்னாள். அவன் போனான்.

வரிசை இப்போது கிட்டத்தில் இருந்தது. நகர்ந்ததை அவள் பார்க்கவில்லை. எல்லோரும் முகத்தை அக்கரைப் பக்கம் வைத்திருந்தார்கள். பின்னந்தலையும், கன்னத்தோரம் நீட்டிக்கொண்டிருந்த ஓலை நுனியும்தான் தெரிந்தன. ஆணா பெண்ணா புரியவில்லை. அத்தனை கைகள் சேற்றைத் தடவினால் தண்ணீர் கலங்க வேண்டும். கண்ணாடியாக நின்றது.

செருப்பில் கருவேல முள் ஏறியிருந்தது. குனிந்து பிடுங்கினாள். அவ்வளவு நேரம்தான். களக்கென்று ஒரு சத்தம், குடத்தை அமுக்குகிற மாதிரி.

நிமிர்ந்தாள். பாஸ்கல் இல்லை.

"யோவ்! பாஸ்கல்!"

எத்தனையோ நாளுக்குப் பிறகு முதல் தடவையாகப் பயந்தாள்.

"வந்துட்டேன், வந்துட்டேன். இன்னாத்துக்கு இப்புடிக் கூவறே?"

தாழம்புதருக்குப் பின்னாலிருந்து அவன் ஏறி வந்தான். சிரித்துக்கொண்டு. பேசிக்கொண்டு.

மாதாவே! ஃப்ளோரா அவன் மார்பில் குத்தினாள், சட்டையைப் பிடித்து உலுக்கினாள், அழுதாள், மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். "இவ்ளோ நாளும் என்னைக் கொன்னியே பாவி!" என்றாள். அவன் அவள் கண்ணைத் துடைத்தான். கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். காத்து நல்லா கீது என்றான். பசிக்குது என்றான். நீ எளச்சிட்டே என்றான். ஒவ்வொரு வார்த்தையும் சூடான கஞ்சி மாதிரி அவளுக்குள் இறங்கியது. கரையோரமாகவே நடந்தார்கள், நிதானமாக, புதுசாகக் கல்யாணமானவர்கள் போல.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவன் காலைப் பார்த்தாள். சேறு இல்லை. ஈரமும் இல்லை. வேட்டி மொடமொடவென்று காய்ந்திருந்தது.

பிறகு கை. வின்ச் பிடித்துக் காய்ப்பு ஏறிய கை அது. காய்ப்பைத் தன் விரலால் தேடினாள். கிடைக்கவில்லை. விரல் நுனிகள் மட்டும் நாள்கணக்கில் ஊறினவை போலச் சுருங்கியிருந்தன. அந்த விரல்கள் சும்மா இருக்கவில்லை. அவள் உள்ளங்கையைத் தடவின. விரல் இடுக்குகளில் நுழைந்தன. மெதுவாக. எதையோ தேடுகிற மாதிரி.

அந்தப் பேரை எடுக்காதே என்று மனசு சொன்னது. எடுத்தாள்.

"சௌக்கத் அலி வூட்டுக்கு ஒரு தபா போய் வரணும்யா. அவுரு பொண்டாட்டியப் பாக்கணும்."

"யாரு அது?" என்றான்.

குரலில் கள்ளம் இல்லை. நிஜமாகவே தெரியவில்லை.

அவள் ஆற்றைப் பார்த்தாள்.

வரிசையின் கடைசித் தலை இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. தாடையில் மூன்று நாள் தாடி. வாயில் பறி. பாஸ்கல். கண்ணைக் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் சுவரைப் பார்ப்பானே, அதே பார்வை. சொன்னதற்காக இறங்கினான், திரும்பி வரச் சொல்வதற்காகக் காத்திருந்தான். வா என்றால் போதும். பறியைத் துப்பிவிட்டு ஏறி வந்துவிடுவான். அவளுக்குத் தெரியும். வந்து, பின்னால் நடப்பான். தின்னு என்றால் தின்பான். நாளைக்கும். அடுத்த வருஷமும்.

வாயைத் திறந்தாள்.

"யாருன்னு கேட்டனே?" என்றான் பக்கத்தில் இருந்தவன், அன்பாக.

"யாருமில்ல," என்றாள் ஃப்ளோரா. "தெரிஞ்சவரு. நட, ஹில்டா தேடும்."

நடந்தார்கள். அவன் பேசிக்கொண்டே வந்தான். ராத்திரிக்கு இன்னா கொழம்பு என்று கேட்டான். சொன்னாள். அவன் விரல்கள் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு ஏறியிருந்தன, தடவித் தடவி. அவளுக்கு வலிக்கவில்லை. ஓரக்கண்ணில் ஆறு கூடவே வந்தது. அதில் ஒரு தலை அவள் நடைக்குச் சமமாக, அலையில்லாமல், பறியை இறுகக் கடித்தபடி நகர்ந்துகொண்டிருந்தது.