எர்த் ஒயரில் ஒரு கத்தி

“அந்தக் காரை நான் திறந்து பாக்கணும் சார்.”

டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோன இன்ஸ்பெக்டரின் கை பாதியில் நின்றது.

எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று அப்பா படித்துப் படித்துச் சொல்லித்தான் அவளை அனுப்பியிருந்தார். ஸ்டேஷனுக்குப் போனதும் தலையைக் குனிந்துகொள். கவனக்குறைவு என்று எழுதிக் கொடு. சின்னப் பெண், படித்த பெண், அபராதத்தோடு விட்டுவிடுவார்கள்...

அவள் தலையைக் குனியவில்லை.

“ஏம்மா, நீ யாருன்னு தெரிஞ்சுதான் பேசறியா?” இன்ஸ்பெக்டர் கிளாஸைக் கீழே வைத்தார். “அந்தக் கார்ல ஒயரிங் வேலை பாத்தது நீ. மேம்பாலத்துல அது பொசுக்குன்னு அணைஞ்சு, பின்னாடி வந்த லாரி இடிச்சு, டாக்டரம்மா செத்துட்டாங்க. நீயே வந்து வண்டியைத் தொடணும்ங்கற. கைரேகை போதாதுன்னு காலையும் வெக்கப் போறியா?”

“பிரேதப் பரிசோதனை ஆளுக்கு மட்டும்தானா சார்? வண்டிக்கும் பண்ணுங்க. பக்கத்துலயே நில்லுங்க. வீடியோ எடுங்க. நான் எங்கேயும் ஓடிட மாட்டேன்.”

இன்ஸ்பெக்டர் அவளையே பார்த்தார். பிறகு கான்ஸ்டபிளைப் பார்த்தார்.

“போன்ல சார்ஜ் இருக்காய்யா?”

ஸ்டேஷனின் பின்பக்கம், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது அந்தக் கார்.

பின்பாதி, கசக்கி எறிந்த காகிதம். முன்பாதியில் ஒரு கீறல்கூட இல்லை. டிரைவர் சீட்டின் கீழே ஒற்றைச் செருப்பு.

அவள் அந்தச் செருப்பைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை.

டாக்டரம்மா குழந்தைகள் வைத்தியர். ராத்திரியில் ஹெட்லைட் மங்குகிறது என்று காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவர், வாசலில் நின்றிருந்த அப்பாவைத் தாண்டி, உள்ளே இருந்த அண்ணனையும் தாண்டி, “அந்தப் பொண்ணுகிட்டயே குடுங்க, போன தடவை அவதான் கண்டுபிடிச்சா” என்றார்.

அப்பா சிரித்தார்.

அண்ணன் சிரிக்கவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ஸ்பேனரைப் பிடித்தவன் அவன். தங்கச்சி எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டுப் பட்டறைக்கு வந்து நின்ற நாளிலிருந்து அவனுக்கு வயிற்றெரிச்சல். “இனிமே நாம ரெண்டு பேரும் பெயின்ட் அடிக்கப் போலாம்ப்பா. இன்ஜினியரம்மா வந்துட்டாங்க” என்று அன்றைக்கும் எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்.

அவளுக்கும் அவன்மேல் வயிற்றெரிச்சல்தான். அப்பாவின் மேஜை, அப்பாவின் கருவிப் பெட்டி, அப்பா தோளில் கைபோட்டுப் பேசும் அந்த உரிமை... எல்லாம் அவனுக்கு. அவளுக்கு ஒரு பட்டச் சான்றிதழ். அதுவும் சுவரில், ஆணியில்.

பானெட்டைத் தூக்கினாள்.

பேட்டரி நன்றாக இருந்தது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவ்வில் வைத்தாள். இன்னொரு முனையைக் காரின் உடம்பில் வைத்தாள்.

பன்னிரண்டு வோல்ட். முழுசாக!

“சரியாத்தானே இருக்கு?” என்றார் இன்ஸ்பெக்டர். “வண்டியைச் சோதிச்ச ஆபீஸரும் இதைத்தான் பாத்தாரு. கரண்ட் இருக்கு, அப்போ வேலையிலதான் கோளாறுன்னு எழுதிக் குடுத்துட்டாரு.”

“மீட்டர் ரொம்ப மரியாதையான ஆளு சார். துளிக் கரண்டைத்தான் கேக்கும். அதைக் குடுத்துட்டா நல்லாருக்குன்னு சர்டிபிகேட் குடுத்துடும்.” பையிலிருந்து ஒரு பழைய ஹெட்லைட் பல்பை எடுத்தாள். “இது வயிறு நிறையக் கேக்கும். உங்க விசாரணை மாதிரிதான். கேக்கற விதத்துல கேட்டாத்தான் உண்மை வரும்.”

கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்கினான்.

மீட்டர் முனைகள் இருந்த அதே இரண்டு இடங்களுக்கு நடுவே பல்பை மாட்டினாள்.

பல்ப் எரியவில்லை. அடுப்பில் அணையப்போகும் கரி மாதிரி ஒரு சிவப்பு. அவ்வளவுதான். மீட்டரில் இருந்த பன்னிரண்டு, கண்ணெதிரே சரிந்து விழுந்தது.

அவள் பானெட்டுக்குள் குனிந்தாள்.

பேட்டரியிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் எர்த் கேபிள். விளக்கு, வைப்பர், எல்லாவற்றுக்கும் போன கரண்ட் திரும்பி வரும் ஒரே வழி. பழசு துருப்பிடித்திருந்ததால் தன் கையால் புதிதாக மாட்டிய கேபிள். அதன்மேல் இருந்த கறுப்பு உறையைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

உறை நகர்ந்தது.

உள்ளே... தலைமயிர் மாதிரி ஒரே ஒரு செம்பு இழை. பக்கத்தில் உருகிப்போன நாலைந்து. மீதி அத்தனையும், பிளேடு வைத்த மாதிரி, ஒரே நேர்க்கோட்டில்!

“அறுந்துபோச்சா?” என்றார் இன்ஸ்பெக்டர் குனிந்து.

“இல்ல சார். அறுத்திருக்காங்க. அறுத்துட்டு உறையை மேல இழுத்து விட்டிருக்காங்க. மழையில வைப்பர், ஹெட்லைட், ஸ்டீயரிங் எல்லாம் சேந்து இழுத்ததும் மிச்சம் விட்டிருந்த நாலஞ்சு இழையும் தாங்காம உருகிடுச்சு. இந்த ஒண்ணுதான் தப்பிச்சிருக்கு.”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். முகம் மாறியிருந்தது. கேபிளைக் கழற்றி ஒரு கவரில் போட்டு முத்திரை வைக்கச் சொன்னார். வேலை முடிந்த பிறகு கார் எங்கே இருந்தது என்று கேட்டார்.

பட்டறைக்குள்தான். ராத்திரி முழுக்க. ஷட்டர் சாவி அப்பாவிடம் ஒன்று, அண்ணனிடம் ஒன்று. அவளிடம் இல்லை. கேட்டிருக்கிறாள். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு சாவி என்றுவிட்டார்கள்.

“அப்போ யாருன்னு உனக்குத் தெரியும்” என்றார் இன்ஸ்பெக்டர்.

“தெரியும்.”

“சொல்லு.”

“வீட்டு ஆளு சார். மூஞ்சியைப் பாத்து ஒரு தடவை கேட்டுட்டு வந்துடறேன்.”

“சரி. தெருமுனையில என் ஆளுங்க நிப்பாங்க, யாரும் நழுவ முடியாது. ஆனா இருட்டறதுக்குள்ள பேரோட வரணும். வரலைன்னா...” அவர் பேனாவை மூடினார். “பேப்பர்ல ஏற்கெனவே ஒரு பேர் இருக்கு. உன் பேர்.”

பட்டறையில் டைனமோ சுற்றும் சத்தம்.

அப்பா மேஜையில் அதைச் சோதித்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தான். கால்கள் மட்டும் வெளியே.

அவள் அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“வெளிய வா.”

“இன்ஜினியரம்மா கூப்பிட்டா வராம இருக்க முடியுமா?” முதுகில் கிரீஸோடு உருண்டு வந்தான். “என்ன, எழுதிக் குடுத்துட்டியா?”

“டாக்டரம்மா கார்ல எர்த் கேபிளை அறுத்தது நீதானே?”

டைனமோ நின்றது.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். “என்னது?”

அவள் கொட்டினாள். உறைக்குள் பார்த்ததை. பிளேடு வெட்டை. மயிரிழையில் நின்ற பன்னிரண்டு வோல்ட்டை. டாக்டரம்மா அவனைத் தாண்டித் தன்னிடம் வந்தது பொறுக்காமல், அவள் செய்த வேலை கெட்டுப் போகவேண்டும் என்று ராத்திரி ஷட்டரைத் திறந்து வந்து அறுத்தான் என்பதை. பேசப் பேசக் குரல் உடைந்தது. உடைந்ததற்காக அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

“என்மேல காய்ச்சல்னா என்னை அடிச்சிருக்கலாம்ல? ஒரு பொம்பளை செத்துட்டாங்கடா!”

அண்ணன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, தரையில் விரலால் ஒரு கோடு போட்டான். ஏதோ ஒரு ஒயரிங் படம் அவன் தலைக்குள் ஓடியது.

“காய்ச்சல்தான். இல்லேன்னு சொல்லல. நீ காலேஜ் பஸ்ல ஏறினப்ப இருந்து இருக்கு” என்றான் மெதுவாக. “ஆனா நான் பண்றதா இருந்தா அந்த எர்த்தைத் தொட்டிருக்க மாட்டேன்.”

“ஏன்?”

“லூசு. புது மாடல்ல ஸ்டீயரிங்கே கரண்ட்லதான் திரும்புது. அதுவும் அந்த எர்த்துலதான் உக்காந்திருக்கு. அறுத்தா ஆளு போயிடும்னு எனக்குத் தெரியும். கம்பெனிக்காரன் நடத்தின கிளாஸுக்கு நீயும் நானும்தானே போனோம். அது தெரியாதவன் யாரு இந்தப் பட்டறை...”

நிறுத்திக்கொண்டான்.

முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அவளும் திரும்பவில்லை. திரும்பத் தேவையில்லாமல் போயிற்று. அந்தக் கிளாஸுக்கு வரமாட்டேன் என்று சொன்ன ஒரே ஆள்... எனக்கு எவன்டா கார் சொல்லித் தர்றது என்று மார்தட்டிய ஒரே ஆள்...

முதுகுக்குப் பின்னால் ஸ்பேனர் ஒன்று மேஜைமேல் வைக்கப்பட்டது. சத்தமில்லாமல்.

“லைட்டு மங்கும்னுதான் நெனச்சேன்” என்றார் அப்பா.

மேஜையைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

“பழைய கார்ல அவ்வளவுதான் ஆகும். லைட்டு மங்கும். டாக்டரம்மா திரும்ப வருவாங்க. பாத்தீங்களா, சின்னப் பொண்ணு கை வெச்சா இப்படித்தான்னு சொல்லிட்டு நான் சரி பண்ணிக் குடுப்பேன். அவ்வளவுதான்டா. வேற ஒண்ணும் நெனக்கல.”

அவள் திரும்பினாள். ஊரெல்லாம் கூப்பிட்டுத் தன் மகளின் பட்டத்தைக் காட்டிய மனிதர். சான்றிதழுக்குத் தானே ஆணி அடித்த மனிதர்.

“நீங்கதானேப்பா என்னைப் படிக்க வெச்சீங்க?”

“ஆமா. நீ இவ்வளவு படிப்பேன்னு யாருக்குத் தெரியும்?”

அதற்கப்புறம் அவர் நிறுத்தவில்லை. வாசலில் தான் நிற்கும்போதே வருகிறவன் எல்லாம் பொண்ணு இருக்கா என்று கேட்பதைச் சொன்னார். ஒரு காரில் முழு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டதை அவள் வந்து சிரித்துக்கொண்டே கண்டுபிடித்ததைச் சொன்னார். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லையாம். சொந்தக் கடையில் தானே ஒரு வாடிக்கையாளர் மாதிரி ஒதுங்கி நிற்க வேண்டியிருந்ததாம்.

அண்ணனின் பொறாமை வாயில் இருந்தது. எல்லாருக்கும் தெரிந்தது. இது சிரிப்புக்கு உள்ளே இருந்திருக்கிறது, கறுப்பு உறை போட்டுக்கொண்டு.

“தெரிஞ்சுதான் என்னை எழுதிக் குடுக்கச் சொன்னீங்களா? என் பேர்ல போகட்டும்னு?”

அப்பா கையைத் துடைத்துக்கொண்டார். அழுக்கு இல்லாத கை.

“உனக்கென்ன பாப்பா, படிச்சிருக்கே. பேர் போனாலும் வேற ஊருக்குப் போய் வேற வேலை தேடிக்குவே. எனக்கு இந்தப் போர்டுல இருக்கற பேர் ஒண்ணுதான்.”

அண்ணன் அவள் கையைப் பிடித்தான். அவளிடம் எதையும் கெஞ்சி அறியாதவன், கெஞ்சினான். நம்ம அப்பாதானேடி, வேணும்னு பண்ணல, வயசாயிடுச்சு, ஜெயிலுக்கெல்லாம் தாங்க மாட்டார், நாம மூணு பேரும் சேர்ந்து ஏதாவது சொல்லிக்கலாம்...

“அந்த டாக்டரம்மாவோட செருப்பு இன்னும் கார்லயே கெடக்குண்ணா.”

அவன் பிடி தளர்ந்தது.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். உள்ளே நுழையும்போதே முடிவு எடுத்தாயிற்று. பெயர் மட்டும்தான் மாறியிருந்தது.

“போனா இந்தப் பக்கம் திரும்ப வராதே!” அப்பாவின் குரல் வாசல்வரை துரத்தியது. “பெத்தவனைப் பிடிச்சுக் குடுத்துட்டு, இந்தப் பட்டறையில ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட முடியாது!”

அவள் படியிறங்கினாள். நிற்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

“கெளம்பறப்ப மெயின் சுவிட்சை மறக்காம நீங்களே அணைச்சிடுங்கப்பா. நான் அணைச்சா, பொண்ணு நல்லா அணைச்சிருக்குன்னு எவனாவது சொல்லிடுவான்... உங்களுக்குப் பொறுக்காது!”