படியாத வண்டல்

“பாதை திறந்திட்டுது. நீர் ஊருக்குப் போகேல்லையோ?”

துபாய் ஹோட்டல் ஒன்றின் பார் மேசையைத் துடைத்தபடி தயாபரன் ஒருநாள் சிவரூபியிடம் கேட்டான். பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியாகப் போகலாம் என்ற செய்தி வந்த 2002 ஏப்ரல் அது. குவளை கழுவிக்கொண்டிருந்த சிவரூபி சிரித்ததோடு சரி. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். பேச்சு குறைவு, பார்வைக்கு எதுவும் தப்பாது.

அன்றிலிருந்து அவன் அந்தப் பாதையைப் பற்றியே பேசினான். எங்கே பஸ் நிற்கும், எங்கே இறங்கி நடக்க வேண்டும் என்று எல்லாம் சொன்னான். பஸ்ஸில் தன் பக்கத்து இருக்கையில் யார் என்று மட்டும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

டிசம்பர் 12, வியாழன். பிற்பகல் 3.10.

பர்துபாயில் இருந்த அந்த ஹோட்டலின் பாருக்கு இங்கிலாந்தின் ஒரு சிறு நகரத்து ஆலையிலிருந்து பியர் வரும். பீப்பாயில் பொன்னிறம், பாட்டிலில் செம்பழுப்பு, குளிர்காலத்துக்கென்று மட்டும் காய்ச்சும் கறுப்பு. வடிகட்டாத சரக்கு. புளிக்கவைத்த ஈஸ்ட் வண்டலாக உள்ளேயே கிடக்கும். தூக்கி நடந்தால் கலங்கும். ஒரு நாள் நிமிர்ந்து நின்றால் வண்டல் அடியில் படிந்து தெளியும். ஆலைக்காரரே ஆறு மணிக்கு ருசி பார்க்க வருகிறார்.

பார் மேனேஜர் விஜயபாஸ்கர் குளிர் ஸ்டோரில் கறுப்பு பியர்ப் பெட்டியைத் திறந்தார். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பத்து. கையிலிருந்த பாட்டிலைத் தட்டில் படுக்க வைத்துவிட்டு செக்யூரிட்டிக்குப் போன் செய்தார். அருகில் நின்ற தயாபரன் அதை எடுத்து நிமிர்த்தி வைத்தான். மேனேஜர் ஒயின் பாரிலிருந்து வந்தவர். ஒயினைப் போல எதையும் படுக்க வைப்பார். தயாபரன் நிமிர்த்துவான். தினமும் நடப்பதுதான்.

3.25.

மூன்றாவது மாடி லாக்கர் அறை. செக்யூரிட்டி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில், சுமைதூக்கும் வீரபாண்டியின் லாக்கரில் துண்டுக்குப் பின்னால் இரண்டு பாட்டில்களும் நின்றன. அந்தப் பூட்டு உடைந்து ஒரு மாதமாகிறது. லாக்கரின் நடுத்தட்டு கழற்றப்பட்டுக் கீழே கிடந்தது.

போலீசுக்குச் சொல்லும்வரை யாரும் தொடக்கூடாது என்றார் மேனேஜர். வீரபாண்டி அப்போதுதான் சார்ஜா முவைலாவில் இருந்த தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வேனில் வந்திறங்கியிருந்தான். நேற்று மதியம் காய்ச்சலென்று போனவன். மறுநாள் இரவு அவனுக்கு ஊருக்கு விமானம். மூன்று வருடத்தில் முதல் லீவு. மகளைப் போட்டோவில் மட்டும் பார்த்தவன்.

“நேத்து போறதுக்கு முன்னாடி எடுத்து வச்சுட்டே. அப்படித்தானே?”

“நான் மூடுன பெட்டியத் தூக்குறவன் சார். உள்ள என்ன இருக்குன்னே பார்த்ததில்ல.”

“போலீஸ்ல சொல்லு. லீவு கிடையாது.” மேனேஜர் திரும்பினார். சீசன் என்பதால் பாரில் ஒருவருக்குத்தான் லீவு, கேட்டவர்கள் இருவர். “தயா, உன் லீவு ஃபார்மை எடுத்துட்டு வா.”

தயாபரன் தலையாட்டிவிட்டுப் போய் எடுத்துவந்தான். வீரபாண்டி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

3.50.

தரை துடைக்க வந்த சிவரூபி லாக்கரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சேர், டோர்ச் இருக்கோ?”

“எதுக்கும்மா? உனக்கு இங்க என்ன வேலை?” என்றார் மேனேஜர்.

செக்யூரிட்டி சிரித்துக்கொண்டே டார்ச்சை நீட்டினார். அவள் பாட்டிலைத் தொடாமல் பின்னால் வெளிச்சம் பிடித்தாள். பழுப்புக் கண்ணாடிக்குள், கழுத்துவரை, புகைபோல் மிதந்தது.

“நேற்று மத்தியானம் வைச்சதெண்டால் இப்ப வண்டல் அடியில இருக்கோணும் சேர். இது மிதக்குது. இண்டைக்குத்தான் படியேறி வந்திருக்கு. வீரபாண்டி அண்ணை இண்டைக்குக் காலமை சார்ஜாவில.”

மேனேஜர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“காலைல ஸ்டோர் சாவி ரெண்டு பேர்கிட்டதான் இருந்துச்சு. ஒண்ணு என்கிட்ட. என்னைச் சொல்றியா?”

அவள் டார்ச்சை அணைத்தாள். இதோடு நிறுத்திக்கொள்ளலாம். வீரபாண்டி தப்பிவிட்டான், மற்ற சாவிக்காரனின் பெயர் அவள் வாயிலிருந்து வர வேண்டியதில்லை. ஆனால் அந்த லீவு ஃபார்ம் தயாபரன் கையில் மடிந்திருந்தது. வீரபாண்டி இன்னும் எழுந்திருக்கவில்லை.

“நீங்களெண்டால் படுக்கப் போட்டிருப்பியள் சேர். களவாய் வைக்கிற ஆருமே படுக்கப் போட்டுத் துணியால மூடுவினம். இதை வைச்சவருக்கு இந்தப் போத்தலைப் படுக்க வைக்க மனம் வரேல்லை. நிண்டால் தட்டு இடிக்கும். அதுக்காகத் தட்டையே கழட்டியிருக்கிறார்.”

“யாரு?”

அவனை அவள் பெயரோ முறையோ சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. முதல் தடவையாக அவன் பெயரைச் சொன்னாள்.

“தயாபரன்.”

அவன் மறுக்கவில்லை. அம்மாவுக்குக் கண் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது, பார்வை போகமுன்னம் என் முகத்தைக் காட்ட நினைத்தேன் என்று மெல்லிய குரலில் மேனேஜரிடம் சொன்னான். போத்தலைக் கண்டால் வீரபாண்டியின் லீவை மட்டும்தான் வெட்டுவார்கள், போலீஸ்வரை போகுமென்று நினைக்கவில்லை என்றான்.

வீரபாண்டி எழுந்தான். “போலீசு வேணாம் சார். அவனும் ஊருக்குப் போகணும்னு தவிச்சவன்தான.”

ஆறு மணிக்கு ஆலைக்காரர் வருகிறார். மேனேஜருக்கும் போலீஸ் வேண்டாம்தான். வீரபாண்டிக்கு லீவு, தயாபரனுக்கு விசா கேன்சல், இனி இந்த நாட்டுக்குத் திரும்ப முடியாது, நாளைக்கே கொழும்பு விமானம் என்றார்.

4.15.

தயாபரன் ஏப்ரனைக் கழற்றி மடித்துப் பெஞ்சில் வைத்தான். அதன்மேல் ஸ்டோர் சாவியை வைத்தான். சிவரூபியைப் பார்த்தான். ஏச்சோ குறையோ, எதுவானாலும் வரட்டுமென்று அவள் காத்திருந்தாள்.

அவன் அவளைக் கடந்து, படியிறங்கிப் போனான்.