கூடுதலாய் ஒரு பைட்!

செல்போன் அலறியது.

அம்பத்தூர் எஸ்டேட்டில், மின்சார ஆட்டோக்களுக்குக் கண்ட்ரோலர் செய்யும் அந்தச் சின்னக் கம்பெனியின் டெஸ்டிங் அறையில், அகல்யா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

பாபு. அவள் கணவன்.

"அகலு... கீழ கேட்டாண்ட கீறேன். ஃப்ரெண்டோட சர்க்யூட் போர்டு ஒண்ணு. ஆன் பண்ணா செத்துப் பூடுது. கொஞ்சம் பாரேன்!"

"இன்னிக்கா? சாயந்தரம் எனக்கு வேலை இருக்குமான்னே தெரியலைங்க!"

"அஞ்சு நிமிசம்மா! உன்ன உட்டா எனக்கு யாரு கீறா?"

வந்தேவிட்டான். ஸ்டாஃபின் புருஷனைத் தடுக்க வாட்ச்மேனுக்கு மனசு வரவில்லை.

பாவம் அகல்யா! கம்பெனியின் கண்ட்ரோலரில் ஓடும் ப்ரோகிராம் திருட்டுப் போயிருந்தது. குமணன்சாவடியில் எவனோ அதே சரக்கைச் செய்து விற்கிறான்! ப்ரோகிராமை எழுதியவள் அவள். காப்பி இருப்பது ஆபீஸிலும் அவள் வீட்டு லேப்டாப்பிலும் மட்டும். முதலாளி ஜெயராமன் சாயங்காலம் வரை கெடு வைத்திருந்தார். அதற்குள் திருடன் சிக்காவிட்டால்... அவள்தான் திருடி. போலீஸ், கேஸ், கோர்ட்!

"எத்தினி வாட்டி சொல்றது? பேசாம ரிசைன் பண்ணு. நான் கீறேன்ல?" பாபு அவள் தோளைத் தொட்டான்.

அகல்யா போர்டை வாங்கினாள். சிப்பின் முதுகிலிருந்த பெயரை யாரோ உப்புத்தாளால் தேய்த்து அழித்திருந்தார்கள்.

"என்னங்க இது? பேரையே காணோம்!"

"அத்த உடு. ஏதோ ஏ.ஆர்.எம். சிப்புன்னான்."

கோளாறு தேடும் டீபக்கர் கருவியை மாட்டிக் கரண்ட் கொடுத்தாள்.

பச்சை விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டியது... செத்தது!

மறுபடி கொடுத்தாள். மறுபடி செத்தது.

"பூட்லோடர்லயே மண்டையைப் போடுது!"

"அப்டின்னா?"

"கரண்ட் வந்ததும் மொதல்ல முழிச்சுக்கறது அதுதான். அதுதான் மத்த ப்ரோகிராமை எழுப்பி விடணும். அதுவே எந்திரிக்கல!"

எந்த வரியில் உயிர் போனது என்று தேடினாள். ஸ்கிரீனில் ஒரு மெமரி முகவரி வந்து நின்றது. கடைசி எண், ஒன்று.

அகல்யாவின் முகம் வெளுத்தது.

"இன்னா ஆச்சு அகலு?"

"அலைன்மென்ட் ஃபால்ட்." அகல்யா ஸ்கிரீனில் அந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். "சிப்பு மெமரியில இருந்து நாலு நாலு பைட்டா அள்ளும். நாலால வகுபடற இடத்துல இருந்துதான் அள்ளணும். இதுல முன்னாடி ஒரு பைட் கூடுதலா வந்து உக்காந்திருக்கு. பந்தியில ஒருத்தன் நடுவுல நுழைஞ்சா எல்லாரும் ஒரு இலை தள்ளிப் போவாங்கல்ல... அப்படி. நல்ல சிப்பு சமாளிச்சுக்கும். மட்டமான சிப்பு அங்கேயே விழுந்துடும்."

"அவ்ளோதானா? அந்த பைட்டத் தூக்கிப் போடு. வேல முடிஞ்சிது!"

"தூக்கிடலாம்ங்க. ஆனா அதை வெச்சதே நான்தானே!"

பாபுவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இ... இன்னா சொல்ற?"

"ஆபீஸ் காப்பியில அந்த பைட் கிடையாது. வீட்டு லேப்டாப்புல மட்டும்தான் இருக்கு. திருட்டு தெரிஞ்சதும், புது வெர்ஷன்னு பேர் வெச்சு போன வாரம் நானே போட்டேன். எங்க சிப்புல அது ஒண்ணும் பண்ணாது. ஆனா திருடுறவன் மலிவு சிப்பைத்தானே வாங்குவான்!"

"ஊட்டுக்கு... எத்தினியோ பேர் வந்துகினு போய்க்கினு..."

"கொரட்டூர் ஃப்ளாட்ல இருக்கறது நாம ரெண்டே பேர்! பாஸ்வேர்ட் தெரிஞ்சதும் நாம ரெண்டே பேர்!" அகல்யா உடைந்தாள். "அந்த பைட் யார் கையில வேணா வரட்டும், உங்க கையில மட்டும் வந்துடக் கூடாதுன்னு கோயில் கோயிலா வேண்டிக்கிட்டேன்! நான் அழுதப்போ முதுகைத் தட்டிக் குடுத்தீங்களே... அந்தக் கையாலயாங்க காப்பி எடுத்தீங்க?"

"அந்தக் குமணன்சாவடிக்காரன் பார்ட்னராச் சேத்துக்கறேன்னாம்மா... உனுக்கு இவ்ளோ ஆவும்னு சத்தியமாத் தெரியாது..."

"தெரியாதா? கெடு வெச்சிருக்காங்கன்னு காலையில உங்ககிட்டதானே சொல்லி அழுதேன், பாவி!"

பாபு கதவைப் பார்த்து ஓரடி பின்வாங்கினான். கட்டிய பெண்டாட்டியைக் களி தின்ன அனுப்பத் துணிந்தவன்!

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஜெயராமன் எழுந்து வந்தார். கூடவே, சாயங்காலக் கெடுவுக்காக முன்னதாகவே வந்து காத்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் வடிவு.

"பொறி வைக்கறேன்னு நீ சொன்னப்போ நான் நம்பலம்மா." ஜெயராமன் தலை குனிந்தார். "உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். மன்னிச்சுடு."

வடிவு பாபுவின் தோளில் கை வைத்தார். "நடங்க சார். ஜீப் வெளியில நிக்குது."

வாசலில் பாபு திரும்பினான். கண்ணில் தண்ணீர்.

"அகலு... ஒரே ஒரு தபா மன்னிக்க மாட்டியா? நம்ம குடும்பம்மா..."

அகல்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செத்த போர்டை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"திருடினதுதான் திருடினீங்க... கொஞ்சம் நல்ல சிப்பா வாங்கித் தொலைச்சிருந்தா, நம்ம குடும்பம் இந்நேரம் பூட் ஆகியிருக்கும்!"